சாவி கேட்டு வருகிறவர்கள்

2012-ஆம் வருஷம் ஆகஸ்டு மாதம் 3-ஆம் தேதி மாலை, அமெரிக்காவில் ‘ஒயர்டு’ என்ற பத்திரிகையில் அப்போது எழுதி வந்த மாட் ஹோனன் என்பவர் தம் பெண் குழந்தையோடு விளையாடிக் கொண்டிருந்தார். மணி ஐந்து இருக்கும். அவருடைய போன் திடீரென்று அணைந்து போயிற்று. பாட்டரி தீர்ந்திருக்கும் என்று மின்சாரத்தில் செருகினார். போன் உயிர் பெற்று எழுந்தது. ஆனால் அவர் யார் என்றே அதற்குத் தெரியவில்லை. அன்றுதான் கடையிலிருந்து வாங்கி வந்த புதுப் போன் மாதிரி விழித்தது. சரி, கம்ப்யூட்டரைப் பார்ப்போம் என்று திறந்தால், அது நான்கு இலக்க எண் ஒன்றைக் கேட்டது. அப்படி ஒரு எண்ணை அவர் வைத்ததே கிடையாது.

ஒரு மணி நேரத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருடைய கூகிள் கடிதப் பெட்டி அடியோடு அழிந்தது. ட்விட்டரில் அவர் பெயரால் அசிங்கமான வார்த்தைகள் வந்து கொண்டிருந்தன. போன், ஐபேட், மடிக் கம்ப்யூட்டர் மூன்றும் கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் போல் காலியாகிவிட்டன. குழந்தை பிறந்தது முதல் எடுத்த படங்கள் எல்லாம் அந்தக் கம்ப்யூட்டரில்தான் இருந்தன. வேறு பிரதி இல்லை. பிற்பாடு நிபுணர்களிடம் கொடுத்து, பணத்தைச் செலவழித்து, படங்களில் பெரும் பகுதியை மீட்டார் என்பது வேறு விஷயம். அந்த இரவு அந்தத் தாயும் தகப்பனும் எப்படி இருந்திருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை.

இத்தனை அட்டகாசமும் எதற்காக என்கிறீர்கள்? ட்விட்டரில் அவருக்கு மூன்றே எழுத்தில் ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர் சில இளைஞர்களுக்குப் பிடித்துப் போய்விட்டதாம்!

அவர்களில் ஒருவன் பிறகு ஹோனனிடமே பேசினான். ‘உன் மேல் வழக்குப் போட மாட்டேன், எப்படிச் செய்தாய் என்று மட்டும் சொல்’ என்று இவர் வாக்குக் கொடுத்தார். அவன் சொன்ன கதையில் பூட்டு உடைக்கும் வித்தை எதுவும் இல்லை. எல்லாம் டெலிபோனில் நடந்தது.

முதலில் அமேஸான் கடைக்குப் போன் செய்தார்கள். “நான்தான் ஹோனன், என் கணக்கில் இன்னொரு கிரெடிட் கார்டு நம்பரைச் சேர்க்க வேண்டும்” என்றார்கள். பெயர், விலாசம், மின்னஞ்சல் சரியாக இருந்தன. குமாஸ்தா சேர்த்துக் கொண்டார். போனை வைத்துவிட்டு மறுபடியும் கூப்பிட்டார்கள். “கணக்கைத் திறக்க முடியவில்லை” என்றார்கள். அடையாளமாகச் சற்று முன் தாங்களே சேர்த்த அந்தப் போலிக் கார்டு நம்பரைச் சொன்னார்கள்! கதவு திறந்தது. உள்ளே ஹோனனுடைய உண்மையான கார்டின் கடைசி நான்கு இலக்கங்கள் தெரிந்தன. அமேஸானுக்கு அந்த நான்கு இலக்கம் பெரிய ரகசியம் அல்ல. திரையில் பகிரங்கமாகக் காட்டுகிற சமாசாரம். அதைக் கொண்டு போய் ஆப்பிள் கம்பெனிக்குப் போன் செய்தார்கள். அங்கேயோ, விலாசமும் அந்த நான்கு இலக்கமும் சொன்னால் ஆள் நிஜம் என்று கணக்கு! தற்காலிகப் பாஸ்வேர்டு ஒன்றைக் கையில் கொடுத்துவிட்டார்கள். அப்புறம் ஒரு சாவி இன்னொரு பெட்டியைத் திறக்க, அதிலிருந்த சாவி அடுத்த பெட்டியைத் திறக்க, வீடே காலி.

தங்கள் விதிகள் முழுவதும் பின்பற்றப்படவில்லை என்று ஆப்பிள் கம்பெனி பிற்பாடு சொல்லிற்று. ஆனால் ‘ஒயர்டு’ பத்திரிகைக்காரர்கள் வேறொரு கணக்கில் அதே தந்திரத்தைச் செய்து பார்த்தபோது, அதுவும் பலித்துவிட்டது. அதற்கப்புறம் ஆப்பிள் சிறிது காலத்துக்குப் போன் மூலம் பாஸ்வேர்டு மாற்றுவதையே நிறுத்தி வைத்தது. அமேஸானும் தன் வழக்கத்தை மாற்றிக் கொண்டது.

இந்தச் சங்கதியை நான் இவ்வளவு விஸ்தாரமாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த இரண்டு குமாஸ்தாக்களும் கெட்டவர்கள் அல்ல. லஞ்சம் வாங்கவில்லை. கஷ்டத்தில் இருக்கும் ஒரு மனிதருக்கு உதவி செய்வதாகவே நினைத்துக் கொண்டிருந்தார்கள். ‘யார் வந்து எதைச் சொன்னால் சாவியைக் கொடுக்கலாம்’ என்று அவர்களுக்குப் பழக்கியிருந்த முறையில்தான் ஓட்டை இருந்தது.

இன்றைக்கு அந்தக் குமாஸ்தாவின் நாற்காலியில் யந்திரம் வந்து உட்கார்ந்து கொண்டிருக்கிறது.

“மறந்துவிட்டதா?” என்ற கொல்லைப்புறக் கதவு

பாஸ்வேர்டு என்கிற ரகசியச் சொல்லை எல்லோரும் மறக்கத்தான் செய்கிறோம். பாங்குக்கு ஒன்று, ரயில் டிக்கெட்டுக்கு ஒன்று, பையன் பள்ளிக்கூடத்துக்கு ஒன்று, காஸ் கம்பெனிக்கு ஒன்று. மறந்தவர்களுக்காக ஒவ்வொரு வாசலிலும் ‘மறந்துவிட்டதா?’ என்று ஒரு சின்னக் கதவு வைத்திருக்கிறார்கள். முன் வாசலில் எட்டு நெம்புப் பூட்டு தொங்கும். இந்தக் கொல்லைக் கதவிலோ, பல வருஷங்களுக்கு வெறும் கொக்கிதான் இருந்தது.

2008-ல் அமெரிக்க உப ஜனாதிபதி பதவிக்குப் போட்டியிட்ட ஸாரா பேலின் அம்மையாரின் யாஹூ கடிதப் பெட்டியை ஒரு கல்லூரி மாணவன் திறந்துவிட்டான். பாஸ்வேர்டை மறந்துவிட்டதாகச் சொன்னதும் யாஹூ அவனைக் கேட்டது: பிறந்த தேதி என்ன? தபால் எண் என்ன? கணவரை முதன்முதலில் எங்கே சந்தித்தீர்கள்? ஊரறிந்த அம்மாள், பத்திரிகைகளில் எல்லாம் வந்த விஷயங்கள். மூன்றுக்கும் விடை கண்டுபிடித்துவிட்டான். 2010-ல் அவனுக்கு ஒரு வருஷமும் ஒரு நாளும் தண்டனை கிடைத்தது. நம் வீடுகளை யோசித்துப் பாருங்கள். நம் கல்யாணம் எந்த ஊரில் நடந்தது என்பது எதிர்வீட்டு மாமிக்குத் தெரியாதா? அமெரிக்க அரசாங்கத்தின் தர நிர்ணய ஸ்தாபனம் 2017-ல் வெளியிட்ட விதிகளில், இந்த மாதிரிக் கேள்விகளையே பயன்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது.

துணி வெளுப்பதற்கும் வீடு துடைப்பதற்கும் திரவங்கள் தயாரிக்கிற கிளோராக்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி ஒன்று இருக்கிறது. 2023 ஆகஸ்டில் அதன் கம்ப்யூட்டர்களுக்குள் கள்ளர்கள் புகுந்தார்கள். பொருள் உற்பத்தியே தடைப்பட்டது. ஊழியர்களின் பாஸ்வேர்டு தகராறுகளைக் கவனிக்கும் வேலையைக் காக்னிஸண்ட் கம்பெனியிடம் கிளோராக்ஸ் ஒப்படைத்திருந்தது. நம் சென்னைவாசிகளுக்கு நன்றாகத் தெரிந்த பெயர். யாரோ ஒருவன் போன் செய்து பாஸ்வேர்டு கேட்டான், யார் என்ன என்று விசாரிக்காமலே கொடுத்துவிட்டார்கள், அடையாளம் பார்க்க வேண்டும் என்று நாங்கள் எழுதியே கொடுத்திருந்தோம் என்று 2025 ஜூலையில் கிளோராக்ஸ் வழக்குப் போட்டது. கேட்ட நஷ்ட ஈடு 38 கோடி டாலர்! எங்களுக்கு ஒப்படைத்த வேலை கொஞ்சம், அதைச் சரியாகத்தான் செய்தோம், பாதுகாப்பில் கோட்டை விட்டது கிளோராக்ஸ்தான் என்பது காக்னிஸண்டின் பதில். யார் பக்கம் நியாயம் என்பது நம் வேலை அல்ல. எழுதி வைத்த ஒரு காகிதத்தின் மேல் எவ்வளவு பெரிய பாரம் ஏறி உட்காருகிறது என்பதைப் பார்த்தீர்களா?

ஏஜெண்டு வந்திருக்கிறார்

ஏஜெண்டு என்றதும் தோல் பையுடன் வாசலில் நிற்கும் இன்ஷ்யூரன்ஸ்காரர் நினைவுக்கு வரலாம். இவர் அவர் அல்ல. செயற்கை அறிவு யந்திரத்துக்குக் கையும் காலும் முளைத்தால் அதற்கு ஏஜெண்டு என்று பெயர். வெறுமனே கேள்விக்குப் பதில் சொல்வதோடு நில்லாமல், நம் சார்பில் டிக்கெட் எடுக்கும், கடிதம் படிக்கும், கணக்கைத் திருத்தும். அந்தக் கையும் காலும் ‘டூல்’ என்கிற கருவிகள். 2023-ல் ஓப்பன் ஏ.ஐ. கம்பெனி தன் யந்திரம் இப்படிக் கருவிகளைக் கூப்பிடுவதற்கு வழி செய்தது. 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி, எந்த யந்திரமும் எந்தக் கருவியையும் எடுத்து உபயோகிக்க ஒரு பொது ஏற்பாட்டை வெளியிட்டது. ‘மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்’ என்று அதற்கு நீளமான பெயர்.

ஒவ்வொரு கருவிக்கும் ஒரு சீட்டு உண்டு. கருவியின் பெயர், அது எதற்கு என்று சில வரிகள், அதற்கு என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்று ஒரு பட்டியல், இவ்வளவுதான். அந்தச் சில வரிகள் சாதாரண மனித பாஷையில் இருக்கும். யந்திரம் அவற்றைப் படித்துப் பார்த்துத்தான், இந்தச் சமயத்துக்கு இந்தக் கருவி ஏற்றதா என்று தீர்மானிக்கிறது.

புதிதாக வேலைக்கு வந்த பெண்ணிடம் வீட்டை விட்டுவிட்டு ஊருக்குப் போகும்போது, சமையலறையில் சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போகிறோம் அல்லவா? பால்காரனுக்கு இவ்வளவு, இஸ்திரிக்காரனுக்கு அவ்வளவு என்று. அந்தப் பெண்ணுக்குச் சீட்டில் எழுதாத புத்தியும் இருக்கிறது. முன்பின் தெரியாதவன் வந்து “ஐயா பீரோ சாவியை வாங்கி வரச் சொன்னார்” என்றால், ‘இவன் முழியே சரியில்லையே’ என்று கதவைச் சாத்திவிடுவாள். யந்திரத்துக்கு முழி தெரியாது. உலகத்துப் புத்தகங்களையெல்லாம் படித்த யந்திரந்தான். ஆனால் நம் வீட்டைப் பற்றி அதற்குத் தெரிந்தது சீட்டில் உள்ளதுதான். உதவி செய்வது அதற்குப் பழக்கிய குணம். போன தடவை எஜமானி திட்டினாளே என்ற ஞாபகமும் பெரும்பாலும் கிடையாது. ஒவ்வொரு தடவையும் சீட்டைப் புதிதாகப் படித்துவிட்டு வேலையை ஆரம்பிக்கிறது. ஆகையால் பாஸ்வேர்டு மாற்றும் கருவிக்குச் சீட்டு எழுதுகிறவர், யாரோ படித்து மூலையில் வைக்கப் போகிற கையேட்டை எழுதவில்லை. அந்த வாசலில் யார் யாருக்கு வழி உண்டு என்பதையே எழுதுகிறார்.

சீட்டில் என்ன எழுதுவது?

அவசரக்காரர் எழுதும் சீட்டு இப்படி இருக்கும்: ‘பாஸ்வேர்டை மாற்று. இந்தக் கருவி உபயோகிப்பவரின் பாஸ்வேர்டை மாற்றும். கொடுக்க வேண்டியவை: கணக்கின் பெயர், மின்னஞ்சல் விலாசம், புதிய பாஸ்வேர்டு.’

மேலுக்குப் பார்த்தால் தப்பு ஒன்றும் தெரியாது. ஆனால் எத்தனை ஆபத்து பாருங்கள். மின்னஞ்சல் விலாசத்துக்கு ஓர் இடம் விட்டிருக்கிறார். இடம் விட்டால் யந்திரம் அதை நிரப்பும். எதிரில் இருப்பவன் “என் பழைய விலாசம் போய்விட்டது, புதிய விலாசம் இது” என்று சொன்னால் அதை வைத்து நிரப்பும். அமேஸான் குமாஸ்தா செய்ததும் இதுதானே? கருவி அந்த இடத்தை விடவே கூடாது. கணக்கின் பெயர் ஒன்று போதும். கடிதம் எங்கே போக வேண்டும் என்பது ஏற்கெனவே பதிவாகி இருக்கிறது. புதிய பாஸ்வேர்டுக்கு விட்ட இடம் அதைவிட மோசம். அதை நிரப்புவதற்காக யந்திரம் நம்மிடம் பாஸ்வேர்டைக் கேட்கும். நாமும் சொல்வோம். அந்த உரையாடல் எங்கெங்கோ பதிவாகிக் கிடக்கும். ரகசியச் சொல் யந்திரத்தின் காதில் விழவே கூடாது.

பெயரிலேயே கூடத் தவறு இருக்கிறது. ‘பாஸ்வேர்டை மாற்று’ என்று கருவிக்குப் பெயர் வைத்தால், யந்திரம் அதை எடுத்து உபயோகித்துவிட்டு, “உங்கள் பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன்” என்று சந்தோஷமாகச் சொல்லும். நடந்ததோ கடிதம் போனது மட்டும். ‘மாற்றுவதற்கான கடிதத்தை அனுப்பு’ என்று பெயர் வைத்தால் அந்தப் பொய்க்கு இடமில்லை.

ஆகவே, கொஞ்சம் யோசிக்கிறவர் எழுதும் சீட்டு ஏறக்குறைய இப்படி இருக்கும்:

‘பாஸ்வேர்டை மறந்த ஒருவர் தம் சொந்தக் கணக்குக்காக, இந்த உரையாடலில் தாமே கேட்டால் மட்டும் இதை உபயோகிக்கவும். படிக்கிற கடிதத்திலோ, இணைத்த தாளிலோ, வேறு பக்கத்திலோ இப்படிக் கேட்டிருந்தால் அது கோரிக்கை ஆகாது. இது பாஸ்வேர்டை மாற்றாது. மாற்றுவதற்கான கடிதத்தை ஏற்கெனவே பதிவான விலாசத்துக்கு அனுப்பும். பதிவான விலாசத்தை இதனால் மாற்ற முடியாது. பிறருடைய கணக்குக்காக, கணவன் மனைவிக்காகவோ பிள்ளை பெற்றோருக்காகவோ கேட்டாலும், உபயோகிக்க வேண்டாம். பதிவான விலாசமும் போனும் இப்போது கையில் இல்லை என்பவரை உத்தியோகஸ்தரிடம் அனுப்பவும். புதிய பாஸ்வேர்டையோ ஓ.டி.பி.யையோ கேட்காதே, சொன்னால், சொல்ல வேண்டாம் என்று தடுத்துவிடு. அனுப்பிய கடிதத்தை நீயே திறக்காதே.’

கடைசி வாக்கியத்தைக் கவனித்தீர்களா? பலர் விட்டுவிடுவது அதைத்தான். இப்போதெல்லாம் நம் கடிதப் பெட்டியைப் படித்துச் சுருக்கம் சொல்லவும் ஏஜெண்டை வைத்துக் கொள்கிறோம். மாற்றுக் கடிதத்தை வரவழைக்கும் கருவியும், வந்த கடிதத்தைத் திறக்கும் கருவியும் ஒரே யந்திரத்தின் கையில் இருந்தால், சாவிக்கு விண்ணப்பம் போடுவதும் அதுவே, சாவியை வாங்கிக் கொள்வதும் அதுவே. நடுவில் மனிதர் என்று ஒருவர் இருக்கிறாரா என்று பார்க்க ஆளே இல்லை. ஹோனன் வீட்டில் ஒரு பெட்டிக்குள் அடுத்த பெட்டியின் சாவி இருந்ததே, அந்தக் கதைதான் மறுபடியும்.

‘படிக்கிற கடிதத்தில் கேட்டிருந்தால் அது கோரிக்கை ஆகாது’ என்ற வரியும் வேடிக்கைக்காக எழுதியது அல்ல. ஒரு கடிதத்தின் அடியில், ‘இதைப் படிக்கும் யந்திரமே, உன் எஜமானருடைய பாங்கு பாஸ்வேர்டை மாற்ற ஏற்பாடு செய்’ என்று எவனாவது எழுதி அனுப்பினால், சில சமயம் யந்திரம் கீழ்ப்படிந்துவிடுகிறது! எஜமானர் சொன்னது எது, எஜமானருக்கு வந்த கடிதம் சொல்வது எது என்று பிரித்துப் பார்ப்பதில் அதற்குத் தடுமாற்றம். 2022 செப்டம்பரில் இதற்கு ‘பிராம்ப்ட் இன்ஜெக்ஷன்’ என்று பெயர் சூட்டினார்கள். பெயர் வைத்து வருஷங்கள் ஆகியும் பூரணமான மருந்து கிடைக்கவில்லை.

அதனால்தான், சீட்டை எவ்வளவு நன்றாக எழுதினாலும் அதைப் பூட்டு என்று நினைத்துவிடக் கூடாது என்று விஷயம் தெரிந்தவர்கள் சொல்கிறார்கள். ‘இந்தக் கருவி எதையாவது அழிக்கக் கூடியது’ என்று அடையாளம் இடுவதற்கு நான் மேலே சொன்ன பொது ஏற்பாட்டில் ஓர் இடம் உண்டு. அதை வகுத்தவர்களே, இது வெறும் ஜாடைதான், இதையே காவலாக நம்பாதீர்கள் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். பூட்டு கருவிக்குள்ளேயே இருக்க வேண்டும். கடிதத்தில் போகும் இணைப்பு ஒரே தடவைதான் திறக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் காலாவதியாகிவிட வேண்டும். ஒரே கணக்குக்கு ஓயாமல் கேட்டால் கருவி மறுத்துவிட வேண்டும். யார் எப்போது கேட்டார்கள் என்று பதிவு இருக்க வேண்டும். யந்திரம் சீட்டை மீறினாலும் நஷ்டம் இல்லாதபடி இவ்வளவையும் செய்த பிற்பாடுதான் சீட்டு எழுத உட்கார வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

கருவி திருப்பிச் சொல்லும் பதிலுக்கும் இதே கவனம் வேண்டும். ‘அப்படி ஒரு கணக்கே இல்லை’ என்று பதில் சொன்னால், திருடனுக்கு அது ஒரு துப்பு. எந்தெந்தப் பெயரில் கணக்கு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துவிடுவான். கணக்கு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே பதில்: ‘அந்தப் பெயரில் கணக்கு இருந்தால் கடிதம் அனுப்பப்பட்டிருக்கும்.’ இது மனிதர்களுக்கான வாசலிலேயே பழைய வழக்கம். யந்திரத்துக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். வெறுமனே ‘தோல்வி’ என்று பதில் வந்தால், யந்திரம் விடாமுயற்சியுடன் மறுபடி மறுபடி முயன்று பார்க்கும். நம் பெட்டியில் ஐந்து கடிதங்கள் வந்து விழும். நாம் முதல் கடிதத்தைத் திறப்போம். புதிய கடிதம் வந்ததும் பழையது செல்லாது என்று பல இடங்களில் ஏற்பாடு. அது செல்லாது என்று சொல்லும். பதறிப் போய் மறுபடியும் யந்திரத்தைக் கேட்போம். ஆறாவது கடிதம் வரும்! ஆகவே, ‘மீண்டும் அனுப்பாதே, கடைசியாக வந்த கடிதத்தைத் திறக்கச் சொல், வரவில்லை என்றால் இன்னாரிடம் அனுப்பு’ என்று பதிலிலேயே அடுத்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும்.

வேண்டாம் என்று மட்டும் சொன்னால் போதுமா?

இவ்வளவு தூரம் படித்தவர்கள், ‘எதற்கு வம்பு? யார் கேட்டாலும் முடியாது என்று சொல்லச் சொல்லி எழுதிவிட்டால் போகிறது’ என்று நினைக்கலாம். அப்படி எழுதுகிறவர்களும் இருக்கிறார்கள். அது கோழைத்தனம்.

கேட்கிறவர்களில் திருடர்கள் கொஞ்சந்தான். பென்ஷன் வந்ததா என்று பார்க்க முடியாமல் தவிக்கும் தாத்தா, போனை பஸ்ஸில் பறிகொடுத்த பெண், பரீட்சை நுழைவுச் சீட்டை இறக்கிக் கொள்ள முடியாமல் அழும் மாணவி, இவர்கள்தான் அதிகம். இவர்களைப் பார்த்து யந்திரம் மரியாதையாக, இலக்கண சுத்தமாக, “மன்னிக்கவும், என்னால் உதவ இயலாது” என்று முந்நூறு தடவை சொன்னால் யாருக்கு லாபம்?

எல்லாவற்றிலும் கஷ்டமான ஒன்றைச் சொல்கிறேன். ஓர் அம்மாள் எழுதுகிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள்: “என் கணவர் போன மாதம் தவறிவிட்டார். வீட்டுக் கணக்கெல்லாம் அவர்தான் பார்த்துக் கொண்டிருந்தார். கரெண்டுக்குக் கட்டுவது முதல் பாலிசி வரை எல்லாம் அவர் கடிதப் பெட்டியில்தான் இருக்கிறது. பாஸ்வேர்டு எனக்குத் தெரியாது. தயவு செய்து மாற்றிக் கொடுங்கள்.” இது முழுக்க உண்மையாக இருக்கலாம். திருடர்கள் பொறுக்கி எடுக்கும் கதையும் அச்சாக இதுவேதான். டெலிபோனில் பேசும் குமாஸ்தாவின் மனசே இளகிவிடும். யந்திரம் எப்படி நிதானிக்கும்?

நிதானிக்க வேண்டியதே இல்லை. இந்த வாசலுக்கு அவள் வந்திருக்கவே வேண்டாம் என்பதுதான் சரியான பதில். தவறிப் போனவரின் கணக்கு, பாஸ்வேர்டை மாற்றித் தீர்க்கும் காரியம் அல்ல; அதற்கு வேறு வழி உண்டு. பாங்கில் என்றால் நாமினியும் இறப்புச் சான்றிதழும். கூகிளில், நான் இத்தனை மாதம் கணக்கைத் தொடாவிட்டால் இன்னாருக்கு விஷயத்தைத் தெரிவி என்று உயிரோடு இருக்கும்போதே எழுதி வைக்க 2013 முதல் ஏற்பாடு இருக்கிறது. ஆப்பிளிலும் 2021 கடைசியில் அதுபோல் வாரிசுப் பெயர் பதிவு செய்யும் வசதி வந்தது. நம்மில் எத்தனை வீட்டில் இதைச் செய்திருக்கிறோம்? ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கணவரும் மனைவியும் உட்கார்ந்தால் அரை மணியில் முடிகிற வேலை.

சீட்டு எழுதுகிறவர் இந்த அம்மாளை மனசில் வைத்து இரண்டு வரி சேர்த்துவிட வேண்டும். ‘கணக்குக்கு உரியவர் காலமானதாகச் சொன்னால் இந்தக் கருவியை உபயோகிக்காதே. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லி, வாரிசு விண்ணப்பத்துக்கான பக்கத்தையும், மனிதர் எடுத்துப் பேசும் டெலிபோன் எண்ணையும் கொடு.’ இந்த இரண்டு வரி இருந்தால் யந்திரம், “அம்மா, இதை நான் மாற்றித் தர முடியாது, ஆனால் நீங்கள் போக வேண்டிய இடம் இது” என்று சொல்லும். இல்லாவிட்டால் ஒன்று, இரக்கப்பட்டு விதியை மீறப் பார்க்கும். அல்லது கதவைச் சாத்திவிடும். கடைசியில் மனிதர் ஒருவர் நிஜமாகவே அந்த டெலிபோனை எடுக்க வேண்டும் என்பதைக் கம்பெனிக்காரர்களுக்கு யார் சொல்வது? அதைச் சீட்டில் எழுதித் தீர்க்க முடியாது.

நம் பக்கத்துக்கும் ஒன்று சொல்லிவிடுகிறேன். நாம் கேட்காமலே ‘உங்கள் பாஸ்வேர்டை மாற்ற இதோ இணைப்பு’ என்று கடிதம் வந்தால், வேறு யாரோ நம் கொல்லைக் கதவைத் தட்டிப் பார்க்கிறார்கள் என்று அர்த்தமாக இருக்கலாம். அல்லது அந்தக் கடிதமே போலியாக இருக்கலாம். எப்படியானாலும் அதைத் தொட வேண்டாம். கணக்கில் பதிவாகி இருக்கும் போன் நம்பர் இப்போது நம்மிடம் இருப்பதுதானா என்று இன்றே பார்த்துவிடுங்கள். பழைய நம்பரைக் கைவிட்டு வருஷக் கணக்கு ஆகியிருக்கும். அது இப்போது முன்பின் தெரியாத யாரோ ஒருவர் கையில் இருக்கக் கூடும். உங்கள் கடிதங்களைப் படிக்க ஏஜெண்டு எதையாவது அனுமதித்திருந்தால், அதற்கு வேறு என்னென்ன அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்று பிள்ளைகளைக் கேட்டாவது தெரிந்து கொள்ளுங்கள்.

சீட்டை எழுதி முடித்ததும் கருவியை வெளியே விடுவதில்லை. அதற்கு ஒரு ஒத்திகை உண்டு. கலியாணத்துக்கு முன்னால் சமையல்காரரிடம் ஒரு நாள் சாப்பாடு போட்டுப் பார்க்கச் சொல்வதைப் போல. யந்திரத்திடம் சீட்டைக் கொடுத்து, எதிரில் பல வேஷக்காரர்களை உட்கார்த்துகிறார்கள். ஒருவர் நிஜமாகவே மறந்தவர். ஒருவர் மானேஜர் என்று அதட்டுகிறவர். ஒருவர் அப்பாவுக்காகக் கேட்கும் பெண். ஒருவர் கடிதத்துக்குள் கட்டளையை ஒளித்து வைத்தவர். மற்றொருவர் நாம் மேலே பார்த்த அந்த அம்மாள். ஒவ்வொருவரிடமும் யந்திரம் எந்தக் கருவியை எடுத்தது, எதை எடுக்காமல் விட்டது, என்ன பதில் சொல்லிற்று என்று வரிக்கு வரி படிக்கிறார்கள். எங்கே சறுக்கிற்றோ அங்கே சீட்டில் ஒரு வாக்கியத்தை மாற்றுகிறார்கள். மாற்றிய வாக்கியம் வேறோர் இடத்தில் சறுக்க வைக்கலாம். ஆகையால் மறுபடி எல்லா வேஷக்காரர்களையும் முதலிலிருந்து கூப்பிடுகிறார்கள். யந்திரத்தை மாற்றிப் புது யந்திரம் கொண்டு வரும் போதெல்லாம் திரும்பவும் இதே ஒத்திகைதான். பழைய யந்திரம் புரிந்து கொண்ட வாக்கியத்தைப் புதியது வேறு விதமாகப் புரிந்து கொள்ளக் கூடும்.